சங்கின் வாயில் மண்

கொஞ்ச நாளாகவே மழையில்லை. ஆனாலும் ராக் கார்டனில் பதித்திருந்த சங்குகளின் வாயில் ஈர மண் அடைத்திருந்தது. செம்மண்.

"ஏனுங்கம்மா, காலையிலதான் பைப்பு வெச்சுக் கழுவி உட்டனுங்க," என்றாள் வேலைக்கு வரும் சுகந்தி.

எஸ்டேட் பங்களாக்காரி ஈவ்லின் தன் கற்குன்றை ஏறிட்டுப் பார்த்தாள். தோட்டப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு வாங்கித் தந்த குன்று அது. ஆளுயரத்துக்குக் கல்லடுக்கி, இடுக்கெல்லாம் சிப்பியும் சோழியும் ஒட்டி, உச்சியில் வெண்சங்குகள். சங்கு தூத்துக்குடியிலிருந்து வந்தது. கல்லுக்கு மட்டும் அவள் அலையவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எஸ்டேட் லயத்துக்கு மேலே நின்ற தாங்குசுவரிலிருந்து, பாசி படர்ந்ததாகப் பார்த்துப் பெயர்த்து வரச் சொன்னாள்.

அன்றைக்கே சுகந்தியின் மாமியார் காத்தாயி மேடேறி வந்தாள். "அம்மா, அந்தக் கல்லுதானுங்க எங்க ஊட்டு மேல மண்ணு உழாம புடிச்சிருக்குது."

"நாலு கல்லுல என்ன ஆயிடப்போகுது? போ, போ."

ஐப்பசி மழையில் சுவரின் பாதி சரிந்தது. காத்தாயியைத் தோண்டியெடுத்தபோது வாய் நிறைய மண். எல்லோரும் பழியை மழையின் தலையில் கட்டினார்கள். ஈவ்லின் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவள் போல நின்றாள். அதை நினைத்தால் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. மீதிச் சுவரிலும் அவள் கல்லெடுத்த பொக்கை இன்றுவரை அப்படியேதான் இருந்தது.

"இன்னிக்கு அந்த லயத்துக்கே திரும்பக் குடி போறமுங்க. மிச்ச ரூம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. எங்க பாப்பா பிரீத்தி இப்பவே அங்கதான் வெளையாடிட்டிருக்கறா," என்று சொல்லிவிட்டு சுகந்தி இறங்கிப் போனாள்.

மூடுபனி தேயிலைச் சரிவையும் வேலியையும் ரோஜாப் பாத்தியையும் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு குன்றின் அடிக்கு வந்து சேர்ந்தது. யூகலிப்டஸ் வாசனைக்கு நடுவே, புதிதாகத் தோண்டிய குழியின் வாசனை மெல்லக் கிளம்பியது. ஈவ்லின் கொண்டை ஊசியால் ஒரு சங்கின் வாயைக் குடைந்தாள். சங்கு கொள்ளாத அளவுக்கு மண் வந்துகொண்டே இருந்தது. காதை அருகே வைத்தாள். கடலிரைச்சல் இல்லை. உள்ளே யாரோ மூச்சுக்குத் தவித்தார்கள்.

அடுத்த சங்கு. அதிலும் அதே திணறல்.

தகரக் கூரையில் துளி விழுந்தது. மழை.

சொல்லிவிட வேண்டும். கல்லை எடுத்தது நான்தான், சுவருக்குப் பிடிப்பில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவா. வேலிக்கு ஓடினாள். கீழே பனிக்குள் குழந்தை சிரித்தது.

வாயைத் திறந்தாள்.

நாக்கு அசையவில்லை. பல்லிடுக்கில் நரநரப்பு. விரலை விட்டாள். ஈரம். செம்மண். தோண்டத் தோண்ட வந்தது.

மழை வலுத்தது. கீழே குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. ஈவ்லின் திரும்பிப் பார்த்தாள். குன்றின் உச்சியில் சங்குகள் எல்லாம் கழுவிவிட்டது போல, வெறும் வாயோடு, வெள்ளையாக இருந்தன.