நீலக் காப்பு

கொடுத்ததையெல்லாம் யாழிசை சாப்பிட்டாள். எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. ஏழு வயதுக் குழந்தையை ஒரு கையால் தூக்கிவிடலாம் போலிருந்தது.

அந்த நகரத்தில் அழுக்கு இலையை யாரும் பார்த்ததே கிடையாது. கீரையோ லெட்டூஸோ, நீல ஒளியில் குளித்த பிறகே தட்டுக்கு வரும். அந்த 'நுண்ணொளி'யைக் கண்டுபிடித்தவள் யாழிசையின் அம்மா தமயந்தி. பதினாறாம் நாள் தாய்மாமன் குழந்தைக்குப் போடும் காப்பில்கூட அந்த விளக்கைப் பொருத்த வைத்தாள். சாப்பாட்டின் மேல் கையை ஒருமுறை வீசினால் போதும், அதில் ஒரு கிருமிகூட மிஞ்சாது. ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

"இலையோட உள்ள போற நுண்ணுயிர்தான் குடல்ல தங்கி, சோத்தைச் சத்தா மாத்தித் தருது. இவ குடல்ல ஒண்ணுமே இல்ல. வார்டு முழுக்க இப்படித்தான் மேடம்," என்றார் டாக்டர்.

"லேப்ல வளர்க்கலாமே?"

"வளர்க்க உயிரோட ஒண்ணாவது வேணுமே. கிடைச்சாலும் இங்க கொண்டு வராதீங்க. வாசல்லயே உங்க விளக்கு கொன்னுடும். வீட்லயே இவளுக்குக் குடுங்க. இவ வயித்துல பெருகினா, மத்த பிள்ளைங்களுக்கு எடுத்துக்கலாம்."

தமயந்தியின் தம்பி முகுந்தன் கோத்தகிரி மலையெல்லாம் அலைந்தான். இடிந்துபோன ஒரு கண்ணாடிக் குடிலுக்குப் பின்னால் தானாக முளைத்த ஒரு லெட்டூஸ் செடியைக் கண்டான். பனியில் கருகியது போக ஒரே ஓர் இலைதான் தேறியது. வேறு எங்கும் இல்லை.

அவன் வருவதற்குள் தமயந்தி வாசல் விளக்கையும் சமையலறை விளக்கையும் குழவியால் உடைத்திருந்தாள். எதற்கும் சுவிட்ச் கிடையாது. ஜனங்கள் சோம்பேறித்தனமாக அணைத்துவிடக் கூடாதென்று அவள்தான் வைக்கவில்லை.

மண் ஒட்டிய இலையை முகுந்தன் மருமகளின் தட்டில் வைத்தான்.

"அழுக்கா இருக்கே மாமா."

"அதான்டா மருந்து. அப்படியே சாப்பிடு."

யாழிசை அம்மாவைப் பார்த்தாள். தமயந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழந்தை பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுவரில் நீல வெளிச்சம் படர்ந்து மறைந்தது.

முகுந்தன் எட்டிப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவன் போட்ட காப்புதான். பிறந்ததிலிருந்து குழந்தையின் கையிலேயே கிடந்ததால் இருவருக்கும் அதன் நினைவே வரவில்லை. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ சொல்ல மறந்துட்டம்மா. நானே ஒளி காட்டிட்டேன்," என்றாள் யாழிசை. இலையை ஒரு துணுக்குகூட விடாமல் மென்று விழுங்கினாள். பிறகு, ஒவ்வொரு வேளையும் அம்மா சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சமத்து," என்றாள் தமயந்தி.