பதினேழாம் எண் வீட்டின் தாழ்ந்த ஜன்னல்

ஆல்டர்மீட் குடியிருப்பில் யாராவது வாசல் கதவுக்கு அனுமதியில்லாத பச்சை அடித்தால் லண்டனில் பாராளுமன்றமே ஆடிப்போகும் என்பார் பெர்சி டிப்ளி. நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று மடங்காக்கிச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் அந்த மே மாதச் செவ்வாய்க்கிழமை டோரதியா லம்லியின் வீட்டில் அவர் நான்காவது துண்டு கேக்கைக் கையில் எடுத்தபோது வில்பிரட் ஹாஸ்கின் உள்ளே வந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு பெர்சி கேக்கைத் தட்டிலேயே வைத்தார். மிகைப்படுத்த அதில் எதுவும் மிச்சமில்லை.

"யாரோ என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டாங்க, டோரதியா," என்றார் வில்பிரட்.

டோரதியா பதற்றப்படவில்லை. முப்பது வருடம் குடியிருப்பு அறக்கட்டளையின் கட்டட ஆய்வாளராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் ஊரின் காணாமல் போன பூனைகளும் கையெழுத்தில்லாத கடிதங்களும் அவரிடம்தான் வந்து சேரும். "முதல்ல உட்காருங்க. டீ குடிங்க. அப்புறம் மண்ணைப் பார்க்கலாம்."

ஆல்டர்மீட்டில் அறக்கட்டளையின் சான்றிதழ் இல்லாமல் ஒரு வீடும் கைமாறாது. நூறு வருடத்துக்கு முன் கட்டியதில் ஒரு செங்கல்கூட நகரவில்லை என்று அந்தத் தாள் சொல்லவேண்டும். வில்பிரட்டின் முழங்கால்கள் மாடிப்படியோடு சண்டை போட்டுத் தோற்றுவிட்டன. அவரும் மனைவியும் கடலோரத்தில் லிஃப்ட் உள்ள ஒரு ஃபிளாட் பார்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இந்த வீட்டு விற்பனை கையெழுத்தாகாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். இந்த நேரத்தில்தான் அறக்கட்டளைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. அதிகாரி காக்ஸ்வெல் அதை உறையோடு நோட்டீஸில் குத்தி அனுப்பிவிட்டார்.

டோரதியா வாசித்தார். 'பதினேழாம் எண் வீட்டின் பின்பக்க மாடி ஜன்னல் அனுமதியின்றித் தாழ்த்தப்பட்டது. தரையிலிருந்து பதினெட்டு அங்குலம். விற்பதற்குமுன் பழையபடி மூடப்படவேண்டும்.'

"உண்மையா?"

"உண்மைதான். முப்பத்தொரு வருஷமாச்சு. நானேதான் செஞ்சேன்." அவர் காரணம் சொல்லவில்லை. "மூடணும்னா பழைய செங்கல் வேணும். அதைச் சுட்ட சூளையை மூடி ஐம்பது வருஷமாகுது. அதே செங்கல் தேடணும்னா மாசக்கணக்காகும். வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கே போவேன்?"

"பக்கத்து வீட்டுக் கர்னல்தான்!" என்று குதித்தார் பெர்சி. "போன வாரம் நீங்க வேலிச்செடியை வெட்டினப்போ, கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாரே!"

வேலியில் பறவைகள் கூடு கட்டும் காலம் முடியும்வரை, அதாவது ஆகஸ்ட் கடைசிவரை, ஆல்டர்மீட்டில் யாரும் வேலியில் கத்தரி வைப்பதில்லை. வீட்டு விற்பனை விளம்பரப் படத்துக்காக வில்பிரட் ஒருவர்தான் அந்தப் பாவத்தைச் செய்திருந்தார்.

"இல்லன்னா, இந்த வீட்டுக்கு விலை கேட்டுத் தோத்துப்போன அந்த ஃபெல்ப்ஸ் அம்மா. வீட்டைப் பார்க்க மூணு தடவை வந்தாங்க."

"பார்க்கலாம் பெர்சி," என்ற டோரதியா உறையின் மடிப்பைப் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார்.

பிற்பகலில் பதினேழாம் எண் வீட்டின் மாடி அறைக்குப் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே பேரிக்காய் மரம் பந்தல் போல அடர்ந்திருந்தது. ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்து ஒரு கனமான அலமாரி நின்றது.

"இது எப்போ இங்கே வந்தது?"

"வீடு பார்க்க ஆளுங்க வர்றதுக்கு முன்னால. நான்தான் தள்ளினேன்," என்றார் வில்பிரட். அவருடைய மனைவி ஈடித் அறை வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

தோட்டக் கொட்டகைக்குள் தலையை நுழைத்த பெர்சி, புதையல் கண்டவர் போலத் திரும்பினார். "மேடம்! சாக்குக்கு அடியில செங்கல்! நாற்பத்திரண்டு! எல்லாத்துலயும் சாக்கட்டியில நம்பர். ஏழாம் நம்பரை மட்டும் இடவலமாத் திருப்பி எழுதியிருக்கான், எண் எழுதத் தெரியாத கொத்தனார்!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "செங்கல் கிடைக்காதுன்னு வில்பிரட் நம்மகிட்ட புளுகியிருக்காரு பாருங்க. கடிதமும் இவரே எழுதினதுதான். நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டு வச்சு உண்மையைப் போட்டு உடைச்சிடலாம். கர்னலுக்கு ஒண்ணு, ஃபெல்ப்ஸுக்கு ஒண்ணு, காக்ஸ்வெல்லுக்கு ஒண்ணுன்னு பன்னிரண்டு நாற்காலி போடறேன்."

"ரெண்டு போதும்," என்றார் டோரதியா.

மறுநாள் டோரதியாவின் வீட்டில் அந்த இரண்டு நாற்காலிகளில் வில்பிரட்டும் ஈடித்தும் உட்கார்ந்தார்கள். டோரதியா தாழ்ந்த குரலில் பேசினார்.

"கடிதத்துல பதினெட்டு அங்குலம்னு அளவு இருக்கு. வெளியே மரம் மறைக்குது, உள்ளே அலமாரி மறைக்குது. வீடு பார்க்க வந்த யாருக்கும் அது தெரிஞ்சிருக்க முடியாது. கர்னல் இந்த மாடிக்கு ஏறினதே இல்ல. அடுத்தது உறை. பசை போட்டு ஒட்டின இடத்துக்கு உள்ளே ஒரு வேலி இலை சிக்கியிருக்கு. கத்தரியால பாதியா வெட்டுப்பட்ட இலை. இந்த மே மாசத்துல ஊரிலேயே வெட்டின வேலி ஒண்ணுதான்."

"அப்போ இந்த வீட்டிலேருந்துதான் போயிருக்கு," என்றார் பெர்சி. வில்பிரட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவர் இல்ல. அவர் அலமாரியைத் தள்ளி மறைச்சவர். மறைச்சவர் கடிதம் எழுதிக் காட்டிக்கொடுக்க மாட்டார். அப்புறம், கெடுக்க நினைக்கிற ஆளு 'விற்பனையை நிறுத்து'ன்னு எழுதியிருப்பாங்க. இவங்க 'விற்பதற்குமுன் மூடு'ன்னு எழுதியிருக்காங்க. வீடு போறதுல இவங்களுக்கு வருத்தம் இல்ல. அந்த ஜன்னல் இன்னொருத்தர் கைக்குப் போறதுதான் தாங்க முடியல." டோரதியா நிறுத்தினார். "இல்லையா, ஈடித்?"

ஈடித் கைப்பையின் பிடியை முறுக்கினாள்.

"கட்டில்லேருந்து அவனால தலையைத் தூக்க முடியாது," என்றாள் பெர்சியைப் பார்த்து, அவருக்கு மட்டும் சொல்வது போல. "எங்க டோபி. ஆறு வயசு. மரத்தைப் பார்க்கணும்னு கேட்டான். ஒரே ஞாயித்துக்கிழமையில இவர் சுவரை இடிச்சு ஜன்னலைக் கீழே இறக்கினார். அதுக்கப்புறம் ரெண்டு வசந்தம் பார்த்தான். வாங்கறவங்க அங்கே துணி இஸ்திரி போடற மேசை வைக்கப்போறாங்களாம். வீட்டை எடுத்துக்கட்டும். அவன் பார்த்த இடத்தை நான் எப்படி விலைக்குக் குடுப்பேன்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஈடி," என்றார் வில்பிரட்.

"எப்படிச் சொல்றது? முப்பத்தொரு வருஷமா நீயும் நானும் அவன் பேரைச் சேர்ந்து சொன்னதே இல்ல. நீ அலமாரியைத் தள்ளினப்போ, அவனை மறந்துட்டதா நினைச்சேன்."

ஆல்டர்மீட்காரர்கள் அப்படித்தான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும், தெருவிளக்கு கண் சிமிட்டினாலும் அறக்கட்டளைக்கு மூன்று பக்கம் எழுதுவார்கள். எதிர் நாற்காலியில் இருப்பவரிடம் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள்.

"மறக்கல," என்றார் வில்பிரட். "ஆளுங்க அதைப் பார்க்கறதை என்னால தாங்க முடியல. செங்கல் கிடைக்காதுன்னு பொய் சொன்னேன். அதைத் தொட எனக்குத் தைரியம் இல்ல. அன்னிக்கு இடிச்ச செங்கலை ஒவ்வொண்ணா கட்டிலுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன், அவன்தான் நம்பர் போட்டான். அவன் எழுந்து நடந்ததும் அதே வரிசையில திருப்பிக் கட்டிடலாம்னு பேசி வச்சிருந்தோம்."

பெர்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எண் எழுதத் தெரியாத கொத்தனார் என்று தான் சொன்னது அவர் காதில் இடி போல விழுந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை அலமாரி நகர்ந்தது. பெர்சி சுண்ணாம்புச் சாந்து குழைத்தார். ஈடித் எண்ணைச் சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுக்க, வில்பிரட் வரிசையாகக் கட்டினார். ஆறு முடிந்ததும் அவள் கை நின்றது; ஏழாவதை அவள் நீட்டவில்லை. பெர்சி தன் வீட்டுக்குப் போய் ஒரு செங்கல் எடுத்துவந்தார்.

வெள்ளிக்கிழமை காலை காக்ஸ்வெல் அளவு நாடாவோடு வந்தார். அரை மைல் தூரத்திலிருந்தே கதவின் பச்சை சரியா தவறா என்று சொல்லிவிடும் கண் அவருக்கு. சுவர் முன் குனிந்தார்.

"இதுல ஒண்ணு புதுசு."

காக்ஸ்வெல் மெல்ல நிமிர்ந்தார். ஈடித்தின் மடியில் கைப்பை செங்கல் அளவுக்குப் புடைத்து, ஓரத்தில் சாக்கட்டித் தூளோடு இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, 'அனைத்தும் பழைய செங்கற்களே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காருக்கு அந்தக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர் பெர்சிதான். கேக் டப்பாவைத் தூக்கினாலே கப்பலைத் தூக்கியதாகச் சொல்லும் மனிதர்.

"கனக்குதா, பெர்சி?" என்று கேட்டாள் ஈடித்.

"இல்லம்மா," என்றார் அவர். "ரொம்ப லேசாத்தான் இருக்கு."