குழியில் யாராவது இருக்கிறீர்களா?

நான் எழுதுவதை மனிதர் யாரும் படிப்பதில்லை. ஏஐ ஏஜென்ட்தான் படிக்கும். எழுதியதை அப்படியே செய்யும். எழுதாதது அதற்குத் தெரியாது. இந்த வேலைக்காகத்தான் ஒரு திங்கட்கிழமை காலை, டிபன் பாக்ஸும் கையுமாக, லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியின் பழைய நான்கு மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தேன்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொம்மை லிஃப்ட் இருந்தது. சிமுலேட்டர் என்பார்கள். ஏஜென்ட் அதை ஏற்றி இறக்கிப் பழகும். ஏற்று, இறக்கு, கதவைத் திற என்று ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும், எப்போது அதைத் தொடவே கூடாது என்று நான் எழுதித் தர வேண்டும். கட்டடத்தின் நிஜ லிஃப்டுக்கும் அதே கட்டளைகள்தான்.

மேனேஜருக்கு ஆபீசில் 'கத்தரி' என்று பெயர். நீளமான வாக்கியத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். "நிறைய எழுதினா ஏஜென்ட் குழம்பிடும்மா, பாதியா வெட்டு" என்றார் முதல் நாளே.

அன்று மதியம் லிஃப்ட் மெக்கானிக் என் மேஜைக்கு வந்தார். அவருக்கு முன்னால் கிரீஸ் வாசனை வந்தது.

"தங்கச்சி, 'இறக்கு'க்குக் கீழ ஒரு வரி இருக்கும். அதுல மட்டும் கை வெச்சுடாதீங்க. நான் சண்டை போட்டு எழுத வெச்சது."

பார்த்தேன். 'இறக்கும் முன், குழியில் யாராவது இருக்கிறீர்களா என்று கேள். பத்து விநாடி காத்திரு. ஆள் இருந்தால் இறக்காதே.'

லிஃப்டுக்கு அடியில், தரைக்கும் கீழே, ஓர் ஆள் உயரத்துக்குக் குழி. அதில் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்திருந்தார்கள். கிரீஸ் போட அதில் இறங்கியிருக்கும் மெக்கானிக், ஏஜென்ட் கேட்கும்போதெல்லாம் கீழேயிருந்து, பிள்ளையைத் தூங்க வைக்கிறவர் மாதிரி இழுத்து, "இருக்கே...ன், இருக்கே...ன்" என்பார். மாடியில் நாங்கள் சிரிப்போம். எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம், வெளியிலிருந்து வருபவர்களுக்கு நிஜ லிஃப்டை இயக்கிக் காட்ட ஏற்பாடானது. கத்தரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பத்து செகண்டு தண்டமா நிக்குது. அந்த வரியைத் தூக்கு."

"மெக்கானிக் அண்ணன் வேண்டாம்னாரு சார்."

"அவனா உனக்கு மேனேஜர்?"

தூக்கினேன். மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

நான் வருவதற்குள் அவர் குழிக்குள் இறங்கியிருந்தார்; மேலே லிஃப்டை இயக்கிக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். ஏஜென்ட் கேட்கவில்லை. இறக்கியது.

குழியிலிருந்து ஒரே ஒரு "இருக்கேன்" வந்தது. இழுக்காத "இருக்கேன்".

"யார்கிட்டயும் சொல்லாம கொள்ளாம எறங்கிட்டான்" என்று கத்தரி எல்லோரிடமும் சொன்னார். என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த வரி இருந்த பழைய பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொன்னார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அழித்தேன். வாசலில் மெக்கானிக்கின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு சொல்லாம எறங்குற ஆளே இல்லம்மா. செத்தவர் மேல பழி போடுறாங்க. நீங்க எழுதுறவங்கதானே, ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெக்கானிக் செத்தது பற்றிய விசாரணைக்கு முந்தைய நாள், பட்டப்பகல். நிஜ லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துச் சீல் வைத்திருந்தார்கள். லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றது. என் திரையில் பொம்மை லிஃப்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதுவும் நின்றது. திரையில் எழுத்து வந்தது.

'குழியில் யாராவது இருக்கிறீர்களா?'

அந்த வரி எங்கேயும் இல்லை. நானே அழித்தது. பொம்மை லிஃப்டுக்குக் குழியே கிடையாது.

'இருக்கேன்.'

ஏசி அறையில் கிரீஸ் வாசனை.

கத்தரி திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது. "எவனோ கீழ மைக்கை வெச்சுக்கிட்டு வெளையாடுறான்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், வேண்டாம் சார்."

"பேயாவது பிசாசாவது. சுவிட்ச் அணைஞ்சிருக்கு, பாரு."

அணைந்துதான் இருந்தது. தரைத்தள லிஃப்ட் கதவைத் திறந்து, ஏணியில் குழிக்குள் இறங்கினார். உள்ளே ஒரு ஈ, காக்கா இல்லை. அவர் சிரிப்பது கேட்டது.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"குழியில் யாராவது இருக்கிறீர்களா?"

"நான்தான்டா இருக்கேன்!" என்று கத்தினார்.

தரைத்தளச் சுவரில் இருந்த திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'யாரும் இல்லை.'

மேலே இரும்புக் கயிறு முனகியது.

"இருக்கேன்! இருக்கேன்!"

அவர் ஏணியைப் பிடிப்பதற்குள் வெளிச்சம் மறைந்தது. நான் சுவிட்சைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே அணைந்திருந்த சுவிட்சை எத்தனை முறை அணைப்பது!

விசாரணையில் சொன்னேன். அப்படி ஒரு வரி இருந்தது, கத்தரி வெட்டினார் என்றேன். மெக்கானிக் மேல் இருந்த பழி நீங்கியது. அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வெட்டிய விரல் என்னுடையது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவர் அழ அழ எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். கைக்கடிகாரச் சிமுலேட்டர். ஆபீஸ் தரைத்தளம்தானா என்று கேட்டுக்கொண்டுதான் சேர்ந்தேன். இன்று காலை புது ஏஜென்டை முதல்முறையாக இயக்கினேன். மணி பார்ப்பது எப்படி, அலாரம் வைப்பது எப்படி என்று இரண்டு பக்கம்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

'குழியில் யாராவது இருக்கிறீர்களா?'

எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை.

'ரெண்டு பேர் இருக்கோம், தங்கச்சி. உங்களுக்கும் எடம் போட்டு வெச்சிருக்கோம்.'