அசையாதே... சர்க்ளிப்பைக் காணோம்!

"யாரும் அசையாதே!"

முகமூடிக்காரன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். கையில் துப்பாக்கி.

உள்ளே யாரும் அசையவில்லை.

அவன் கத்துவதற்கு முன்பே அசையாமல்தான் இருந்தார்கள்!

ரோண்டா சிக்மன் ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். அவள் தம்பி வேட், பாதி கடித்த பன்றிக்கறி சாண்ட்விச் வாயில் இருக்க, மெல்லாமல் நின்றிருந்தான்.

"நீ மொதல்ல அசையாதே!" ரோண்டா திருப்பிக் கத்தினாள். "தூக்கின காலைக் கீழ வெச்சே... கொன்னுடுவேன்!"

முகமூடிக்காரன் குழம்பினான். ஆனாலும் காலைக் கீழே வைக்கவில்லை.

"ஏய்... துப்பாக்கி என்கிட்ட இருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். என் சர்க்ளிப் என்கிட்ட இல்லயே!"

வட கரோலினாவில், ரேஸ் இன்ஜின் கட்டும் எந்தப் பட்டறையிலும் இதுதான் சட்டம். பிஸ்டனுக்குள் குறுக்கே போகிற பின், பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கிழித்துவிடும். அப்படி நகராமல் இரண்டு பக்கமும் காவல் நிற்பது சர்க்ளிப் என்கிற கம்பி வளையம். மோதிரம் அளவு. ஓரிடத்தில் மட்டும் வாய் பிளந்திருக்கும். மாட்டும்போது விரல் நழுவினால்... டிங்! பறந்துவிடும். பக்கத்தில் திறந்து கிடக்கும் இன்ஜினுக்குள்ளேயே விழுந்தாலும் விழும். அது கிடைக்கிற வரை யாரும் காலைக் கீழே வைக்கக் கூடாது. திருடனாக இருந்தாலும்!

அதுவும் இந்த இன்ஜின்... ரோண்டா தன் பெயரைப் பொறித்துக் கட்டுகிற முதல் இன்ஜின். சனிக்கிழமை மண் ட்ராக்கில் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால், 'பொம்பளை கட்டின இன்ஜினா? தையல் மெஷின் கட்டச் சொல்லு' என்று சிரித்தவர்களிடமே போய் வேலை கேட்டு நிற்க வேண்டும். அதற்கு இந்தத் துப்பாக்கியே தேவலை.

"அந்த இன்ஜினை என் வேன்ல ஏத்துங்க!" முகமூடிக்காரன் உறுமினான்.

"எப்படி ஏத்துறது? இன்னும் பிஸ்டனே உள்ள போகல."

"என்னது! சனிக்கிழமை ரேஸை வெச்சுக்கிட்டு இன்னும் பிஸ்டன் போடலயா? என்ன பொழப்பும்மா இது!"

"இவன் சாப்பிட்டுக்கிட்டே க்ளிப் மாட்டினான். விரல்ல சாஸ். வழுக்கிருச்சு."

"சாப்பிட்டுக்கிட்டா?" துப்பாக்கி வேட் பக்கம் திரும்பியது. "ஒரு துணியைப் போத்திக்கிட்டு மாட்டத் தெரியாதாடா, தடியா?"

"ம்ம்ம்..." என்றான் வேட். வாய் நிறைய பன்றி.

முகமூடிக்காரன் பெருமூச்சு விட்டான்.

"என்ன க்ளிப்? வட்டக் கம்பியா, தட்டைச் சுருளா?"

ரோண்டாவின் காது விடைத்தது.

"வட்டக் கம்பி."

"பின்னோட முனை?"

"சரிவா சீவினது."

"அப்ப சரி. முனை தட்டையா இருந்து வட்டக் கம்பியைப் போட்டா, பின் அதைப் பிதுக்கித் தள்ளிடும்..."

வேட் ஒருவழியாக விழுங்கினான்.

"அக்கா... இப்பல்லாம் திருடங்களுக்கு இதையும் சொல்லித் தர்றாங்களா?"

"வாயை மூடிக்கிட்டுத் தேடுடா!" முகமூடிக்காரன் மண்டியிட்டுவிட்டான்.

மூன்று பேரும் சிமெண்ட் தரையில் கன்னத்தை வைத்துத் தேடினார்கள். பெஞ்சுக்கு அடியில்... இல்லை. இன்ஜினுக்குள் டார்ச் அடித்தார்கள்... இல்லை!

"உன் பூட்ஸ்!" ரோண்டா திடீரென்று சொன்னாள். "கதவுப் பக்கமாத்தான் பறந்துச்சு. அடியைக் காட்டு."

அவன் வேட் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினான். துப்பாக்கி வேட் காதை உரசியது.

"கூசுதுய்யா!"

"கெடச்சிருச்சு!"

பூட்ஸின் பள்ளத்தில் மினுங்கியது வளையம். மூன்று பேரும் கட்டிப் பிடிக்காத குறை.

முகமூடிக்காரன் அதை வாங்கினான். விரலால் நசுக்கி வளைத்தான். குப்பைத் தொட்டியில் எறிந்தான். எறிந்துவிட்டு... "தூ!" என்று துப்பினான்.

முகமூடி போட்டிருப்பதை மறந்துவிட்டான்.

கம்பளிக்கு உள்பக்கம் புகையிலைச் சாறு வழிந்தது.

ரோண்டாவுக்குச் சுரீரென்றது.

சாதாரணத் திருடன் என்ன செய்திருப்பான்? 'தூக்கிப் போடவா இத்தனை நேரம் தேடினீங்க?' என்று கத்தியிருப்பான். ஒருமுறை துள்ளிய க்ளிப்பைத் திரும்பப் போடக் கூடாதென்று இன்ஜின்காரனுக்குத்தான் தெரியும். அதை வளைத்து எறிந்து, கூடவே துப்புகிற இன்ஜின்காரன் இந்த மாவட்டத்தில் ஒரே ஒருத்தன்.

ஹார்லன் செட்ஸர்! அவளுடைய பழைய முதலாளி. தையல் மெஷின் ஜோக்கின் சொந்தக்காரன்.

ரோண்டா முகத்தில் எதையும் காட்டவில்லை. புதிய க்ளிப்பை எடுத்தாள். பிஸ்டன் பள்ளத்தில் மாட்டினாள்... வளையத்தின் வாய் பக்கவாட்டில் இருக்கும்படி!

"ஏய்... ஏய்! வாயைப் பக்கவாட்டுலயா வெப்பாங்க?" அவன் அலறினான். "பிஸ்டன் ஏறி இறங்குற வேகத்துல வளையம் சுருங்கி வெளிய குதிச்சிடும்! நேர் மேல... இல்லாட்டி நேர் கீழ!"

"என் இஷ்டம்."

"நாளைக்கு என் பேரைப் பொறிக்கப்போற இன்ஜின் அது! தள்ளு!"

அவளை இடித்து விலக்கினான். அந்த க்ளிப்பைப் பிடுங்கி எறிந்தான். புதிதாக ஒன்றை எடுத்தான்.

அந்த வேலைக்கு இரண்டு கட்டைவிரலும் வேண்டும்.

துப்பாக்கியைப் பெஞ்சில் வைத்தான்.

டக்! க்ளிப் உட்கார்ந்தது.

க்ளக்! துப்பாக்கி ரோண்டாவின் கையில்.

"பிரமாதம் ஹார்லன். மிச்சத்தையும் மாட்டு."

"ஹார்லனா? யார் அது?"

"மாட்டுய்யா!"

எட்டு பிஸ்டன்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒரு க்ளிப். உச்சி வெயிலில், கம்பளி முகமூடிக்குள், ஹார்லன் செட்ஸர் மாட்டினார். வேட் ஸ்டூலில் உட்கார்ந்து ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் போட்டான்.

"வேர்க்குது ரோண்டா... கழட்டிக்கட்டுமா?"

"வேணாம். உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு வேலை செய்யறது எனக்குப் பிடிக்காது."

கடைசி க்ளிப் உட்காரவும் சைரன் கேட்கவும் சரியாக இருந்தது. ஹார்லன் சட்டென்று முகமூடியைக் கழற்றி வேட் மடியில் எறிந்தார்.

டெபுடி லாமார் டீக் உள்ளே வந்தான். ஞாயிறுதோறும் ஹார்லனோடு மீன் பிடிக்கப் போகிறவன்!

"லாமார்! நல்லவேளை வந்தே. உதவி செய்ய வந்தவனை இப்படித் துப்பாக்கியைக் காட்டி மெரட்டுறா!"

"ரோண்டா, துப்பாக்கியைக் கீழ வை."

"அது அவனோடது!"

"உன் கையிலதானே இருக்கு? முகமூடி உன் தம்பி மடியில இருக்கு. நடங்க ரெண்டு பேரும்."

ரோண்டாவுக்கு ரத்தம் கொதித்தது. சனிக்கிழமை கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது.

துப்பாக்கியை வைத்தாள். கையை நீட்டினாள்.

"சரி லாமார், என்மேலதான் தப்பு. கோபத்துல எடுத்துட்டேன். பின்ன என்ன, மாட்டினதுல மூணு க்ளிப் தப்பு. வயசாயிடுச்சு, பாவம்... கை நடுங்குது."

"என்னது?" ஹார்லனின் கழுத்து நரம்பு புடைத்தது. "தப்பா? நானா?"

"மூணோ நாலோ."

"பொய்! லாமார், அவ பொய் சொல்றா! துப்பாக்கியோட உள்ள நுழைஞ்சதுலேர்ந்து ஒண்ணுகூடத் தப்பா மாட்டல நான்! முகமூடிக்குள்ள வேர்த்து ஊத்தி, கண்ணு எரிய எரிய... ஒண்ணுகூட..."

நிறுத்தினார்.

லாமார் வேட் மடியிலிருந்த முகமூடியைப் பார்த்தான்.

"ஹார்லன்..." லாமார் வருத்தத்தோடு ரோண்டாவை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான். "கையை நீட்டுங்க."

விலங்கோடு வெளியே போகும்போதும் ஹார்லன் கத்தினார். "ஓடட்டும்! ஜெயிக்கட்டும்! அதுல க்ளிப் மாட்டினது ஹார்லன் செட்ஸர்னு ஊரெல்லாம் சொல்லுவேன்டி!"

ரோண்டா கூர்முனைக் கொக்கியை எடுத்தாள். ஒவ்வொரு க்ளிப்பாக நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டாள். புதிய டப்பாவைப் பிரித்தாள்.

"ஏன்க்கா, எல்லாம் சரியாத்தானே மாட்டியிருந்தார்?"

"சரியாத்தான் மாட்டியிருந்தான். ஆனா இது என் பேர் பொறிக்கிற இன்ஜின். நல்ல வேலைக்காரன்டா... என்ன, இன்டர்வியூவுக்குத் துப்பாக்கியோட வந்துட்டான்!"