கல்லுக்கும் ஒரு மூச்சு

செவ்வாயின் செம்புழுதி நகரில் காற்றுக் குழாயடிக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு கல்லை வைத்து வரிசையில் இடம் பிடிப்பார்கள். அப்புறம் சாவகாசமாக வீட்டுக்குப் போய்க் காற்றுக்குடத்தை எடுத்து வருவார்கள். ஒரு குடம் ஒரு நாள் மூச்சுக்குக் காணும். காற்றை நிரப்பித் தரும் வளிப்பகிர்வி இயந்திரம் கற்களைப் பார்த்தாலும் கண்டுகொள்ளாது.

அன்று புழுதிப்புயலில் பெருங்குழாய் உடைந்துவிட்டது. "எல்லோருக்கும் போதுமான காற்று இருப்பில் உள்ளது. யாரும் பதற வேண்டாம்" என்று ஒலிபெருக்கி சொன்னது. அதைக் கேட்ட பிறகுதான் ஊரே பதறியது. ஆளுக்கு நாலு கல், ஐந்து கல் என்று கொண்டுவந்து வரிசையை அடைத்தார்கள். அமலோற்பவமும் மூச்சிரைப்புக்கார மகள் ஜெசிந்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இரண்டு கல் வைத்தாள். பெற்றவளுக்கு வேறென்ன தோன்றும்?

புழுதியில் வளிப்பகிர்வியின் கண்கள் அவிந்துபோயிருந்தன. தரைப்பலகையில் அழுத்தும் எடையை வைத்தே அது ஆட்களை எண்ணியது. எடை இருந்து மூச்சு இல்லையென்றால், அவசர விதிப்படி அவருக்கே முதல் காற்று. அது முதல் கல்லின் முன்னால் மண்டியிட்டு, முகமூடியைப் பொருத்தி, காற்றைத் திறந்துவிட்டது. பிறகு அடுத்த கல். முகமூடியைப் பறிக்கப் போன ஒருவனை அதன் இரும்புக்கை தள்ளிவிட்டது.

அமலோற்பவம் தோளில் கிடந்த ஜெசிந்தாவைப் பார்த்தாள். மகளின் குடத்தில் காற்றளவு முள் சிவப்புக்கு வந்துவிட்டது. குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயோ, கல்லுக்கு ஊத்துதுங்க! அவங்கவங்க கல்லை எடுத்துடுங்க, நமக்குத் தாராளமா காணும்!" என்று கத்தினாள்.

"அக்கா சொல்றது நியாயந்தான்" என்றான் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு ஆரோக்கியநாதன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் குனியவில்லை. அடுத்தவர் கல்லைத் தொட்டால் கைகலப்பாகிவிடும் ஊர் அது.

"நான் எடுத்து, அவங்க எடுக்கலன்னா?" என்றது ஒரு குரல்.

இயந்திரம் நெருங்கி வந்தது. அமலோற்பவம் தன் இரண்டு கற்களையும் தூக்கி வரிசைக்கு வெளியே எறிந்தாள். இனி எல்லோரும் எடுப்பார்கள் என்று நம்பி அவள் சுற்றிலும் பார்த்தாள்.

திரும்பியபோது அவளுக்கு முன்னால் இரண்டு புதுக்கற்கள் இருந்தன. வளிப்பகிர்வி மண்டியிட்டது.

ஆரோக்கியநாதன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. எடம் சும்மாதானே கெடந்துச்சு."