திரும்பி வந்த சோளம்

காலையிலிருந்து ஹேமநாதன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இட்லி வேண்டாம், பால் வேண்டாம். ஆறு வயதுத் தம்பி இப்படி உம்மென்று உட்கார்ந்திருந்தால் அக்கா பிரியங்காவுக்கு எப்படிப் புரியும்?

"இன்னாடா ஆச்சு?"

அவன் காதோரம் வந்து கிசுகிசுத்தான். "நேத்து கிருத்திகை இல்ல? மலையேறி சாமி கும்பிடற வரைக்கும் ஒண்ணும் துன்னக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சே. படிக்கட்டாண்ட தள்ளுவண்டி அத்தை ஸ்வீட் கார்ன் குடுத்துச்சு. யாரும் பாக்கறதுக்குள்ள அப்டியே முழுங்கிட்டேன்."

"அதுக்கு இப்ப இன்னா?"

"காலைல ஆய் போனேன். சோளம் முழுசு முழுசா வந்துச்சுக்கா. சாமி கோச்சிக்கினு திருப்பிக் குடுத்துட்டாரு. இனிமே இன்னா துன்னாலும் வந்துகினேதான் இருக்கும்."

பிரியங்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பியின் கண் கலங்கியதும் அடக்கிக்கொண்டாள்.

ஆனால் அவளுக்கும் குழப்பம்தான். சோளத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பொருளுக்குக் கரோட்டினாய்டு என்று பெயர், அது ரத்தத்தில் கலந்து கண்வரை போகும் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். முழுசாக வெளியே வந்துவிட்டால் எப்படிக் கண்ணுக்குப் போகும்? டீச்சரை நம்புவதா, தம்பியை நம்புவதா?

அடுப்பங்கரையில் அம்மா வேகவைத்த சோளக்கதிர் இருந்தது. பிரியங்கா இரண்டு முத்துகளை உதிர்த்தாள். ஒன்றை அப்படியே ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றைக் கடித்து நசுக்கி, வேறு டம்ளரில் போட்டாள். இரண்டையும் ஸ்பூனால் கலக்கினாள்.

முதல் டம்ளரில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இரண்டாவதில் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியிருந்தது, தோல் மட்டும் தனியாக மிதந்தது.

"ஆங், புரிஞ்சுது," என்றாள். "தோலு கதவு மாதிரிடா. நம்ம வயித்தால அதக் கரைக்க முடியாது. மென்னாதான் கதவு தெறக்கும், மஞ்சள் வெளிய வரும். நீ மெல்லாம முழுங்கிட்ட."

"அப்ப தோலு வேஸ்டா?"

"இல்லடா, அது நார்ச்சத்து. குடல்ல இருக்கற நல்ல கிருமிங்களுக்கு அதான் சாப்பாடாம்."

"சாமிக்குக் கோபம் இல்லையா?"

"ஆறு வயசுப் புள்ள பசிக்கு துன்னதுக்கா?"

ஹேமநாதன் கதிரைப் பிடுங்கிக்கொண்டான். ஒவ்வொரு முத்தாகக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

உள்ளே வந்த அம்மா, "ஒரு கதிர எம்மா நேரம்டா துன்னுவ?" என்று கேட்டாள்.

"கதவத் தெறந்துகினு இருக்கேன்மா."

இப்போது அம்மாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.