கேக்குதா, ஓவர்

ஒரு மணி நேரம் சார்ஜரில் நின்ற பிறகும் பதினேழாம் நம்பர் ரேடியோ சில்லென்றே இருந்தது. மற்ற முப்பத்தொன்றும் எடுத்த கையில் இளஞ்சூடாக இருந்தன. பேட்டரி செத்திருக்கும், வேறென்ன என்று முணுமுணுத்துக்கொண்டே அதை மேஜையில் பொத்தென்று வைத்தான் ரேடியோ மெக்கானிக்.

உறைபொருள் கிடங்கில் அவனுக்குக் கொடுத்திருந்த அறையே மூன்று வருஷத்துக்கு முன் கைவிட்ட ஒரு குளிர் அறைதான். மெஷினையும் ஃபேனையும் கழற்றிவிட்டு, மேஜையும் கம்ப்யூட்டரும் போட்டு, இனி இங்கே உட்கார் என்று தள்ளிவிட்டிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு சாண் தடிமனில் கதவு. வெளியே மதியம் மூன்று மணி வெயில் கொளுத்தினாலும், உள்ளே டியூப்லைட்டின் ரீங்காரமும் பழைய அட்டைப்பெட்டி நனைந்து காய்ந்த வாடையும்தான்.

கிடங்குக்குப் புது அலைவரிசை கிடைத்திருந்தது. முப்பத்திரண்டு வாக்கி டாக்கியையும் கேபிளில் மாட்டிப் புது விவரங்களை ஏற்றியாக வேண்டும். பதினேழு மட்டும் நாற்பது நாள் விசாரணைக் கவரில் கிடந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தது. மேனேஜர் போனில் சொன்னார்: “அதையும் மத்ததோட சேத்து எழுதிடுப்பா. உள்ள என்ன இருக்குன்னு நோண்டிக்கிட்டு இருக்காத.”

அந்த சாஃப்ட்வேரில் இரண்டு பொத்தான்கள்தான் முக்கியம். ‘படி’ என்றால் ரேடியோவுக்குள் இருப்பது திரைக்கு வரும். ‘எழுது’ என்றால் உள்ளே இருந்தது அழிந்து புதியது ஏறும். நோண்டாதே என்று மேனேஜர் சொன்னது எதற்கென்று அவனுக்குப் புரியாமல் இல்லை.

பதினேழைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் அவனுடைய தங்கை புருஷன். நான்காம் அறையின் கதவு இறுகி உள்ளே மாட்டிக்கொண்டவரை நாலு மணி நேரம் கழித்துத்தான் எடுத்தார்கள். விரல்களைப் பிரித்துத்தான் ரேடியோவை வாங்க முடிந்தது. விசாரணை அறிக்கையில் ஒரே வரி: ரேடியோ கையில் இருந்தும் உதவிக்கு அழைக்கவில்லை. கன்ட்ரோல் ரூம் அம்மாள், இரண்டு தரம் கூப்பிட்டேன், பதிலே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மேனேஜர் துக்கம் கேட்க வந்த வீட்டிலேயே, தூங்கியிருப்பாரு என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போனார். உறைபனியில் எவனாவது தூங்குவானா?

தங்கை அழக்கூட இல்லை. “வாயை மூடாத மனுஷன்ணே அவரு. கூப்பிடாம இருந்திருப்பாரா?” என்று மட்டும் கேட்டாள். உண்மைதான். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட, ரேடியோவில் பேசி முடிப்பதுபோல, தண்ணி கொண்டா, ஓவர் என்று முடிக்கிற ஆள். சிரித்துச் சிரித்து வீடே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது தெருவில், வேலையில் தூங்கிச் செத்தவன் பெண்டாட்டி என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள்.

ரேடியோவில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, அதை மறைக்கத்தான் இந்த அவசரம் என்று அவனுக்கு நிச்சயம். அதைக் கையும் களவுமாகப் பிடித்து மேனேஜர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ‘படி’யை அழுத்தினான்.

பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. அலைவரிசை சரி. கேட்கும் டோன் 85.4, சரி. பேசும் டோன் 88.5.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

ஒவ்வொரு ரேடியோவும் பேசும்போது குரலுக்கு அடியில் ஒரு மெல்லிய முனகலையும் சேர்த்து அனுப்பும். அதுதான் டோன். மற்ற ரேடியோக்கள் அந்த முனகலைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். அது மாறியிருந்தால் தொண்டை கிழியக் கத்தினாலும் ஊமையாகவே இருக்கும். கிடங்கு முழுக்க 85.4. பதினேழு மட்டும் 88.5. அப்படியானால் அவர் எல்லாரையும் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் கூப்பிட்டதையும் கேட்டிருக்கிறார். இரண்டு தரமும் பதில் சொல்லியிருக்கிறார்.

பட்டியலில் 85.4-க்கு அடுத்தது 88.5. டோன் பெட்டியைத் தொட்டுவிட்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால், பக்கம் நகராமல் எண் அடுத்ததாக மாறிவிடும். இந்த வேலை தெரிந்தவன் எவனும் அதில் ஒருமுறையாவது வழுக்கியிருப்பான். அதற்காகவே, எழுதிய ஒவ்வொரு ரேடியோவிலும் ஒரு தரம் பேசிப் பார்க்க வேண்டும் என்று விதி. மாப்பிள்ளை செத்த அன்று காலை பதினேழை எழுதும்போது மேனேஜரோடு போனில் சண்டை. ஆத்திரத்தில் சக்கரத்தை உருட்டினான். பேசிப் பார்க்கவில்லை. பார்த்ததாகத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டான்.

நாற்பது நாளாக யார் சட்டையைப் பிடிக்கத் துடித்தானோ அந்த ஆள் இந்தச் சட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

தங்கையிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மாப்பிள்ளை பெயர் நிமிரும், இவன் பெயர் போகும். அவள் இனி அண்ணா என்று கூப்பிடமாட்டாள். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு கோபம் செத்தவர் மேலேயே திரும்பியது. வாய் கிழியப் பேசுகிறவர், பதில் வரவில்லை என்றால் கதவை உடைத்திருக்கக் கூடாதா? கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, டோனை 85.4 என்று மாற்றி, ‘எழுது’வை அழுத்தினான். நூறு சதவீதம். அழிந்தது.

நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி படித்தான்.

88.5.

சக்கரத்தைத் தொடாமல் எழுதினான். படித்தான். 88.5. கேபிளைப் பிடுங்கி மூன்றாம் நம்பரை மாட்டினான். காலையில் அவனே எழுதி, பேசியும் பார்த்தது. 88.5. ஒன்பது. இருபத்தாறு. அதே எண். கடைசியாகத் தன் இடுப்பில் இருந்த ரேடியோவை மாட்டினான்.

88.5.

எங்கோ ஃபேன் ஓடுகிற சத்தம். அது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தலைக்கு மேல்தான். கழற்றி மூன்று வருஷமான ஃபேன், வெறும் துளை. அந்தத் துளையிலிருந்து பனிப்புகை வெள்ளையாக இறங்கியது. மூச்சு புகையாக வந்தது.

கதவுக்கு ஓடினான். உள்குமிழைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். குமிழில் விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் தோல் அங்கேயே நின்றது.

தன் ரேடியோவைக் கேபிளிலிருந்து உருவி எடுத்தான். அழுத்தினான். கத்தினான். கதவைத் திறங்க என்று கத்தினான்.

“ரேடியோ ரூம், கேக்குதா?” கன்ட்ரோல் ரூம் அம்மாளின் குரல். தெளிவாக.

கேக்குது, கேக்குது என்று அலறினான்.

“ரேடியோ ரூம், கேக்குதா?”

கேக்குதும்மா. நான்தான். கதவு.

அவள் பக்கத்தில் யாரிடமோ சொன்னாள். அழுத்திய பொத்தானை விட மறந்திருப்பாள்.

“ரெண்டு தரம் கூப்பிட்டுட்டேன் சார். பதிலே இல்ல.”

தள்ளி மேனேஜர் குரல்.

“தூங்கியிருப்பாரு.”

அவன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான். சார்ஜரில் வரிசையாக ரேடியோக்கள். எல்லாம் இருட்டு. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. உதடு மரத்துப் போனது. கை தளர்ந்தது. பொத்தான் நழுவியது.

அந்த நொடி அவன் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது.

“எனக்குக் கேக்குது மச்சான். ஓவர்.”

மேஜையைப் பார்த்தான். பதினேழின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் முழுக்கப் பனி. பேசும் பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது. அதன் மேல் மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, பனி இல்லை.